பெரட்டுக்கு வராத திருகாணி

சேசு மரி சூசை துணை

குனோங் ராபாட், ஈப்போ.
1984 மே மாதம், வியாழக்கிழமை.

அன்பும் பாசமும் நிறைந்த மச்சான் சூசைநாதன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் சவரிநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் நலம். தெலுக் இந்தானில் தாங்களும் தங்கச்சி பியாட்ரிஸும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டி அன்றாடம் செபமாலையில் ஒரு மணி உங்களுக்கென்று ஒதுக்கி உருட்டுகிறேன். (முதலில் தெலுக் ஆன்சன் என்று எழுதி, அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஊர்ப்பெயரை மாற்றுகிறவர்கள் கிழவர்களின் கைப்பழக்கத்தையும் மாற்றிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.) தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தின் தலையில் எழுதியிருக்கும் சூசை, புனித சூசையப்பர். அத்தான் நம்முடைய துணையைத்தான் கேட்கிறார் என்று தாங்கள் சந்தோஷப்பட வேண்டாம். தங்கள் மேல் எனக்குக் கோபம். நாலு பக்கத்துக்கு வரும் என்று நினைக்கிறேன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு மறுநாள் தாங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள், கோழிக்கறி சாப்பிட்டீர்கள், கறியில் உப்புக் குறைவு என்றீர்கள், வாசலில் நிற்கும் மோரிஸ் மைனரைச் சுற்றி ஒரு நடை நடந்தீர்கள், சுவரோரம் வரிசையாக வைத்திருந்த பிஸ்கட் டின்களில் ஒன்றைத் திறந்து முறுக்கு என்று நினைத்து உள்ளே கையை விட்டீர்கள், கிரீஸோடு எடுத்தீர்கள், என் துண்டில் துடைத்தீர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டீர்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் ஓர் ஆள் குறைகிறது. குறைந்த ஆள், பின்பக்கம் இடது சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் சின்னத் திருகாணி. பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றைத் திறந்து வெளியே விடுவதற்கென்று வைத்தது. பேனா மூடியில் பாதிகூட இருக்காது, ஆனால் அது இல்லாமல் காரை ஓட்டினால் மிதிக்கிற இடத்தில் நிற்காது, லாரியின் பின்னால் போய்த்தான் நிற்கும். தங்களைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. கிரீஸ் கையில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம், சட்டைக் கை மடிப்பில் விழுந்திருக்கலாம். எப்படியோ அது தங்களிடம்தான் இருக்கிறது. டின்களைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன், சாக்கடையில் கைவிட்டுத் துழாவிவிட்டேன், பக்கத்து வீட்டுக் கோழியைக்கூடச் சந்தேகப்பட்டு ஒருநாள் முழுக்க அதன் பின்னாலேயே நடந்துவிட்டேன்.

காருக்கு ஏது பெரட்டு என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நடுவில் நீங்கள் வரவே இல்லை. உங்கள் அக்காள் கெர்ட்ரூட் கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. மகள் ஐவி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள், மற்ற நாளெல்லாம் குழாய் சொட்டுவதுதான் பேச்சு. அதையும் ஒருநாள் நானே ரப்பர் மாற்றிச் சரிபண்ணிவிட்டு, அடடா, இருந்த ஒரு சத்தத்தையும் நிறுத்திவிட்டோமே என்று வருத்தப்பட்டேன். அப்போதுதான் ஓடாமல் நின்ற காரின் ஹாரனை மட்டும் கழற்றித் துடைக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஹாரனைக் கழற்ற அதன் முன்னால் இருப்பதைக் கழற்ற வேண்டியிருந்தது, அதைக் கழற்ற அதற்கும் முன்னால் இருப்பதை. கொஞ்ச நாளில் கார் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இஞ்சின் சாமான்கள் சாப்பாட்டு மேசையில், கதவுகள் மாதா பீடத்துக்குப் பின்னால், பம்பர் என் கட்டிலுக்கு அடியில். வெளியே வெறும் கூடும் நாலு சக்கரமும். ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, டின்னில் போட்டு, எது எங்கே மாட்ட வேண்டியது என்று காகிதத்தில் எழுதி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். ஈப்போ கரப்பான் பூச்சிக்கு மைதாப் பசை கல்யாண விருந்து. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் காகிதமெல்லாம் தரையில், டின்களெல்லாம் மொட்டையாக, ஒரே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அன்றைக்கு அழுதேன் மச்சான். சிரிக்காதீர்கள். அழுது முடித்து வரக்காப்பி போட்டுக் குடிக்கும்போதுதான் ஒரு யோசனை வந்தது. நான் ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதிய கிராணி. விடியும் முன்னால் பெரட்டுக் களத்தில் சனங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டே ஆயுசில் பாதியைக் கழித்தவன். யார் எந்த நிரை, யார் பக்கத்தில் யார் நின்றால் சண்டை வரும் என்பதெல்லாம் எதையும் பார்க்காமல் சொல்வேன். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று, ஆட்கள் திசைக்கு ஒருவராய்ப் போய்விட்டார்கள். பெயர் வரிசை மட்டும் என் தொண்டையிலேயே தங்கிவிட்டது. ஆகையால் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆளின் பெயரை வைத்துவிட்டேன். இதைக் கரப்பான் தின்ன முடியாது.

கண்டபடி வைக்கவில்லை, குணம் பார்த்துத்தான் வைத்தேன். முதல் தடவை கூப்பிட்டால் எழுந்திருக்கவே எழுந்திருக்காமல், இரண்டாம் தடவை அதட்டினால் துள்ளிக் குதிக்கும் ஸ்டார்ட்டருக்குக் கார்த்திகேசு. தானும் சுற்றி, மற்றவர்களையும் சுற்றவைத்து, ஒருநாள் சொல்லாமல் அறுந்துபோகும் பெல்ட்டுக்கு நல்லம்மாள். ஹாரன், வீரம்மா. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவள் ஒருமுறை உங்களைத் திட்டியது காம்பார் வரைக்கும் கேட்டது. மழை பெய்தால் வேலைக்கு வராத பத்துமலை, மழை பெய்தால் வேலை செய்யாத வைப்பர் மோட்டார். எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு இருமிக்கொண்டே உழைத்த ராமையா, காப்ரேட்டர். ஆட்களின் பெயர் தீர்ந்ததும் சொந்தக்காரர்களிடம் வந்தேன். பிரேக்கில் காற்றை வெளியே விடும் அந்தச் சின்னத் திருகாணிக்குத் தங்கள் பெயரை வைத்தேன். பொருத்தம் பார்த்துத்தான். கோபிக்க வேண்டாம்.

காலையில் எழுந்து, முகம் கழுவி, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு பெயர் கூப்பிடுவேன். "கார்த்திகேசு!" டின்னைத் தொட்டுப் பார்ப்பேன், இருக்கிறான். "நல்லம்மா!" இருக்கிறாள். முதலில் தொட்டுப் பார்ப்பதோடு சரி. பிறகு பதில் வராத பெரட்டு என்ன பெரட்டு என்று தோன்றியது, "இருக்கேன் ஐயா" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். பிறகு எல்லாருக்கும் ஒரே குரல் எப்படி இருக்கும், வீரம்மாவுக்குக் கொஞ்சம் உச்சத்தில், ராமையாவுக்கு இருமலோடு. ஒரு சாமானும் அதன்பிறகு தொலையவில்லை, எதை எங்கே மாட்டுவது என்பதும் மறக்கவில்லை. ஒருத்தருக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்ற வரிசையிலேயே மாட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் அக்காள் பெயரை மட்டும் எதற்கும் வைக்கவில்லை. அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நானே பதில் சொல்ல என்னால் முடியாது. அவள் உட்கார்ந்து வந்த முன்சீட்டைப் பெயரில்லாமலே ஹாலில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் நான் உட்காருவதில்லை.

இந்தத் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவரா அப்பளமா என்று கட்டியவனுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் காளியம்மா நம் ராமையாவின் மூத்த மகள், ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை. ராமையா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தப் பெண் தினமும் விடியற்காலையில் அப்பன் பெயரை நான் கூப்பிடுவதையும், அப்பன் இருமிக்கொண்டே "இருக்கேன் ஐயா" என்பதையும் கேட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறாள். ஒருநாள் தாங்க முடியாமல் எலுமிச்சம்பழமும் சூடமுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

"கிராணி ஐயா, எங்கப்பா ஒங்க வூட்லயா இருக்காரு?"

"உள்ள வாம்மா. சாப்பாட்டு மேசை மேல இருக்காரு."

காப்ரேட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தை விளக்கினேன். திட்டப்போகிறாள் என்று நினைத்து ஒரு கதவின் பக்கமாக ஒதுங்கி நின்றேன். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா இம்மாங் கறுப்பு இல்ல லா ஐயா."

"பேருதாம்மா. நெறமில்ல."

"போன வருசம் ஷிப்ட்டு வேலைல திதி கும்புடல. மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டுக் கொண்டாந்து விட்டுர்றேன் ஐயா."

கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள், கொடுத்துவிட்டேன். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, நடுவில் காப்ரேட்டரை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டுப் படைத்திருக்கிறாள். திருப்பிக் கொண்டுவரும்போது நெற்றி என்று அவள் நினைத்த இடத்தில் விபூதி பட்டை பட்டையாக இருந்தது. உள்ளேயிருந்து பீர் வாடை வந்தது. விசாரித்தேன். "அப்பாவுக்கு ஸ்டவுட்டுன்னா உசுரு ஐயா. கொஞ்சமாத்தான் ஊத்துனேன், பூராத்தையும் குடிச்சிட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்ரோல் போகிற துவாரமெல்லாம் ஸ்டவுட்டும் விபூதியும் சேர்ந்து பாகாக இறுகிப்போய், அதைக் குத்தி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று "அப்பா நல்லாருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நானும் "நல்லாருக்காரும்மா" என்கிறேன். ஒரு நாளில் நான் மனுஷரோடு பேசும் பேச்சு பல நாளில் அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஐவி ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, ஜூலை மாசம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு நான் லீவு போட்டு வாரேன். அந்தக் காடி ஓடுச்சுன்னா அதுலயே கோயிலுக்குப் போலாம். ஓடலைன்னா பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டு ஏத்திவிட்டுட்டு, ஒங்களையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். ஒத்தையில டின்னுங்களோட பேசிக்கிட்டு இருக்கறது நல்லா இல்லப்பா." காளியம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். நான் சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஐவியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு பதினோராம் மாடியில் நான் யார் பெயரைக் கூப்பிடுவேன் சொல்லுங்கள்.

ஆகையால் ராப்பகலாக வேலை செய்தேன். கதவு மாட்டிவிட்டேன், இஞ்சின் ஏறிவிட்டது, கார்த்திகேசு இரண்டாம் அதட்டலில் எழுந்தான், ராமையா இருமி இருமி ஓட ஆரம்பித்துவிட்டார், காளியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் குலவை போட்டாள். பாக்கி பிரேக் ஒன்றுதான். குழாயில் இருக்கிற காற்றை எடுக்காவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. அதை எடுக்க உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துச் சக்கரத்தண்டை ஒருவர் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். முனைக்கடை ஒர்க்‌ஷாப் ஆ லெக்கிடம் கேட்டேன். "இனி கெர்ஜா ஸோராங் தா போலே லா, அங்கிள். டுவா ஓராங்" என்று இரண்டு விரலைக் காட்டினான். ஒரு ஆளால் ஆகாதாம். ஏன் ஆகாது என்று வீட்டுக்கு வந்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெடலை மிதித்து, விளக்குமாற்றுக் கட்டையால் முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்துக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் கட்டை நழுவி ஹாரனில் விழுந்தது. வீரம்மா கத்தத் தொடங்கினாள். ஓடிவந்து அவளை அடக்கி, மறுபடி மிதித்து, மறுபடி ஓடி, கைலி பம்பரில் மாட்டிக்கொண்டு, நான் ஒரு பக்கம் கைலி ஒரு பக்கம். எதிர்வீட்டுச் சீனத்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். காற்று வெளியே போனதைவிட உள்ளே வந்ததுதான் அதிகம்.

கடைசியில் காளியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒண்ணுமில்லம்மா, நான் மிதின்னா மிதி, விடுன்னா விடு." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள், பெடலைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். "அப்பா இருக்கற காடியப் போயி கால்ல மிதிக்கச் சொல்றீங்களே ஐயா. பாவம் லா." அதற்கு மேல் நான் என்ன வாதாட முடியும்? பெயர் வைத்தது நான்தானே.

அப்போதுதான் ஈஸ்டருக்கு மறுநாள் வருவதாக உங்கள் கார்டு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் தலைகனத்துப் போவீர்கள். கோழி வாங்கினேன். ஐவி கொடுத்த நீலச் சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன், நீங்கள் கவனிக்கவில்லை. முதல் நாளே பின்சக்கரத்துத் திருகாணியைக் கழற்றித் துலக்கி, ஓட்டையை அடைத்து, சொட்டுகிற எண்ணெய்க்குக் கீழே தோட்டத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை வைத்துத் தயாராக இருந்தேன். நீங்கள் வந்து நேராக ஹாலில் இருந்த முன்சீட்டில் உட்கார்ந்தீர்கள். அவள் மாதிரியே வலது கையை ஓரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன். முழங்காலைப் பற்றிப் பேசினீர்கள், பாமாயில் விலையைப் பற்றிப் பேசினீர்கள், மறுபடி முழங்காலைப் பற்றிப் பேசினீர்கள். கொஞ்சம் வந்து மிதியுங்களேன் என்று கேட்கலாமென நான் வாயெடுக்கும்போதெல்லாம் மணியைப் பார்த்தீர்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் என்றீர்கள். நானும் சரி மச்சான் என்று பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பால் மங்கு நிறைந்து வழிந்திருந்தது.

மறுநாள் பெரட்டில் "சூசைநாதன்!" என்று கூப்பிட்டேன். டின் காலி. பதில் சொல்ல எனக்கும் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து காளியம்மா, "யாரு ஐயா, தெலுக் இந்தான் மாமாவா? அவருதான் நேத்தே போயிட்டாரே" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கடுமையாக எடுத்துக்கொள்ளவும். அந்தத் திருகாணியை இப்படி வந்து எடுத்துப்போனது முறையல்ல. தங்கள் வீட்டில், பையில், சட்டை மடிப்பில், பியாட்ரிஸ் துணி துவைக்கும் தொட்டியில் எல்லாம் தேடி எடுத்து, அன்னம்மாள் திருவிழாவுக்கு முன்னால் சேர்ப்பிக்க வேண்டியது. தராவிட்டால் உறவு முறிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும், பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு என் ஆசீரைக் கொடுக்கவும். முழங்காலுக்கு நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சித் தடவவும். அன்னம்மாள் உங்கள் எல்லாரையும் ஒரு குறையுமில்லாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
கோபத்தோடும் மாறாத அன்போடும்,
அத்தான் சவரிநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போஸ்ட் ஆபீஸுக்குப் போக அந்த நீலச் சட்டையை எடுத்து மாட்டினேன். பையில் கை விட்டால் அங்கே இருக்கிறது. அன்றைக்கு உங்களிடம் எடுத்துக் காட்டி, "மச்சான், இதுக்கு ஒங்க பேருதான் வச்சிருக்கேன், கொஞ்சம் வந்து மிதிங்க" என்று கேட்பதற்காக நானே போட்டுக்கொண்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை, திருகாணியும் பையிலேயே தங்கிவிட்டது. மேலே எழுதியது அத்தனையும் பொய்யாகிவிட்டது, மன்னிக்கவும். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் நீங்கள் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. ஆகையால் திருகாணியைப் பஞ்சில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். பத்திரமாகப் பிரிக்கவும். இப்போது அது உங்களிடம்தான் இருக்கிறது. தபாலில் திருப்பி அனுப்பக் கூடாது, வழியில் தொலைந்துவிடும், கையில்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வந்தால் வலிக்காத காலால் மிதித்தால் போதும். அன்றைக்கே பஸ் பிடிக்க வேண்டும் என்று இல்லை, அறையைக் கூட்டி மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.